ஆடி வேண்டாத லேசர்

மற்ற லேசர்களில் ஒளியை முன்னும் பின்னும் திருப்பியனுப்ப இரண்டு ஆடிகள் இருக்கும். ரெஜினா செய்த லேசருக்கு அவை வேண்டாம். இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே சாயம் கலந்த ஒரு சொட்டு திரவப் படிகம், அவ்வளவுதான். அதன் மூலக்கூறுகள் திருகாணிபோல முறுக்கிக்கொண்டு நின்று, ஒளியைத் தமக்குள்ளேயே திருப்பித் திருப்பி விட்டுக்கொள்ளும். ஆனால் சுவரில் சிவப்பாக விழவேண்டிய புள்ளி, பொங்கல் விடுமுறை தொடங்கியதிலிருந்து ஆரஞ்சுக்கு நழுவிக்கொண்டே இருந்தது. பேராசிரியருக்குப் போன் செய்தாள்.

"சூடு ஏறினா முறுக்கு மாறும், நிறமும் மாறிடும்மா. ஏ.சி. ஓடுதா?"

"ஓடுது சார்."

"அப்போ உடம்புச் சூடுதான். பக்கத்துல யாரு நிக்கிறாங்க?"

ரெஜினா அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஊருக்குப் போனவர்களின் நாற்காலிகள் மேசைக்கடியில் தள்ளப்பட்டுக் கிடந்தன.

"யாரும் இல்ல சார்."

டீ குடித்துவிட்டு வந்து கதவைத் திறந்தபோது புள்ளி நல்ல சிவப்பாக இருந்தது. ஆசையோடு போய்ச் சில்லருகே முகத்தைத் தாழ்த்தினாள். புள்ளி மெல்ல ஆரஞ்சானது. விலகி நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

வெகுநேரம் கழித்து மறுபடியும் போனை எடுத்தாள்.

"சார், ஒரு ஆள் இருக்காங்க."