பானட்டில் ஒரு திட்டு

தன் கார் பாலிஷ் கடையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார் கிளென். கறுப்புக் காரின் பானட்டில், பெயிண்டைக் காக்கப் பூசும் செராமிக் பூச்சு திட்டுத்திட்டாகத் தடித்திருந்தது.

"டவுன்ஸ்வில் புழுக்கத்துல பூசினா, காயறதுக்குள்ள துணி போட்டு இழுத்துத் துடைச்சுடணும். இது எதிர்க்கடை ராட்னியோட கைவண்ணம், சந்தேகமே இல்ல. பூசிட்டு சாசேஜ் ரோல் திங்கப் போயிருப்பான்."

காத்திருந்த வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். நம்பாதவர்கள் பார்க்கட்டும் என்று கிளென் டார்ச்சையே அவர்கள் கையில் கொடுத்தார்.

"சரி பண்ணிட முடியுமா?" என்றாள் பெவர்லி. போன வாரம்தான் அந்தக் காரைப் பழையதாக வாங்கியிருந்தாள்.

"தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி பூசணும். ஏன், ராட்னியவே போய்க் கேக்கறதுதானே?"

"அவர்கிட்டதான் முதல்ல போனேன். காரை வித்தவர் எங்க பூசினாராம்னு கேட்டார். வித்தவர் சொல்லியிருந்த உங்க பேரைச் சொன்னேன். உடனே வெளியில யாரும் பாக்காம ஷட்டரை இறக்கிட்டார். 'நான் தொட்டா ஊர் பேசும். சத்தமில்லாம கிளென்கிட்டயே கொண்டு போங்க. நாலு பேர் பாக்கறதுக்குள்ள அவனே சரி பண்ணிடுவான்'னார்."

கிளென் தரையைப் பார்த்தார். டார்ச் அப்போது நாலாவது ஆளின் கையில் இருந்தது.