மூன்றாவது டயர்

“முதல்லயே அந்தச் சனியனை மாட்டிடாதே. கடைசியில வெச்சுக்கோ, சரியா?”

அவள் டயரின் பக்கவாட்டில் இருந்த எழுத்துகளைக் கறுப்பு டேப்பால் மூடிக்கொண்டிருந்தாள்.

“உன்கிட்டதான் சொல்றேன்.”

“எதை எப்ப மாட்டறதுங்கிறது என் வேலை. நீங்க ஓட்டினாப் போதும்.”

கணவன், மனைவி இருவரும் ஒரே கார் பத்திரிகையில் வேலை பார்த்தார்கள். அவன் ஓட்டிப் பார்த்துச் சொல்வான். அவள் டயர் மாட்டுவாள், பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரைக் கவனிப்பாள். எந்த டயர் என்று தெரிந்துவிட்டால் ஓட்டுகிறவன் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதனால் டயர் மாற்றும்போது அவன் ஜன்னல் இல்லாத சின்ன அறைக்குள் போய்விட வேண்டும். நட்டு முடுக்கும் ‘கன்’ கருவியின் அலறல் மட்டும்தான் அங்கே கேட்கும்.

இந்தத் தடவை மூன்று கம்பெனிகளின் டயர்கள். சாலையில் ஓட்ட அனுமதி உண்டு என்றாலும் பந்தயத் தடத்தை மனதில் வைத்துச் செய்தவை. தண்ணீர் வெளியேறும் பள்ளங்கள் குறைவு, ஈரத்தில் வழுக்கும். காலையில் காய்ந்த தடத்தில் மூன்றையும் ஓட்டிவிட்டான். இரண்டாவதாக மாட்டியது பசை தடவியதுபோல் தரையைப் பிடித்தது. வேகத்தில் அதற்குத்தான் முதலிடம். எழுத்தைப் பார்க்காமலே அது எந்தக் கம்பெனி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

போன வருஷம் ஈரத் தடத்தில் காரைச் சுழற்றித் தடுப்புச் சுவரில் மோதவைத்ததும் அதே கம்பெனி டயர்தான். அன்று அவளுடைய இடது கை முறிந்தது.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டால் அவன் காரை ஓரமாக நிறுத்திவிடுவான். ஏன் என்று அவள் ஒருமுறையும் கேட்டதில்லை. கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, மழை விடும்வரை இருவரும் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்று ஓரமாக நிறுத்த முடியாது. ஈரத்தில் ஓட்டாவிட்டால் நாளைக்கு வேறு ஆள் வருவார் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார்.

தடத்தை நனைக்கத் தண்ணீர் திறந்துவிடும் ஆளை எல்லோரும் ‘மேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாக்கி டாக்கியில் அவர் குரல் வந்தது. “மழை ரெடி சார்! குடையோட வாங்க!”

அறையில் இருந்து திரும்பி வந்து அவன் காரைக் கிளப்பினான். அவள் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

“நீ வேண்டாம். இறங்கு.”

“அப்ப மீட்டரை யார் பாக்கறது? மேகமா?”

“விளையாடாதே. உன் கை…”

“என் கை நல்லாத்தான் இருக்கு. கிளம்புங்க.”

ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்பாகவே பிரேக்கை மிதித்தான். போன வருஷம் கார் சுழன்ற அந்த வளைவு வந்தது. காரின் பின்பக்கம் லேசாக நழுவியது. ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு ஊர்ந்து வந்து சேர்ந்தான்.

“என்ன சார், ஊர்வலமா?” என்றார் மேகம்.

அவன் ஸ்டீயரிங்கைவிட்டுக் கையை எடுக்கவில்லை. “அதேதான். படிச்சுப் படிச்சுச் சொல்லியும் அதையே முதல்ல மாட்டியிருக்கே.”

“உள்ளே போய் உட்காருங்க.”

கன் அலறியது. இரண்டாவது முறை கிளம்பினார்கள். அதே வளைவில் பின்பக்கம் மறுபடி நழுவியது. பயந்துகொண்டே சமாளித்துவிட்டான்.

“இது பரவாயில்லை. கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்குது.”

அவள் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ம்.”

மூன்றாவது முறை அவன் அறையில் சரியாக உட்காரக்கூட இல்லை. கதவைத் தட்டிவிட்டாள்.

“அதுக்குள்ளயா?”

“பழகின கை.”

இந்தத் தடவை வளைவு வருவதற்கு முன்னால் ஒரு கணம் அவளைத் திரும்பிப் பார்த்தான். முறிந்து கூடிய அந்த இடது கை, கதவின் கைப்பிடியைப் பிடிக்காமல் அவள் மடியில் சும்மா கிடந்தது. கார் நழுவியது. அவன் காலை எடுக்கவில்லை. கை தானாக ஸ்டீயரிங்கை ஒரு விரலளவு திருப்பியது. நழுவிய கார் வழிக்கு வந்தது. அடுத்த சுற்றில் இன்னும் வேகமாக வந்தான். அதற்கடுத்த சுற்றில் அந்த வளைவு எப்போது போனது என்றே தெரியவில்லை.

“சார், இன்னும் தண்ணி திறக்கவா? உங்களுக்குப் பத்தலை போலிருக்கே!”

கார் நின்றதும் இறங்கி ஓடி வந்து அவள் பக்கத்துக் கதவை அவனே திறந்தான். ஒரு வருஷமாக அந்த முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை.

“இதுதான் டயர்! குழந்தையைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி போகுது. முதல்ல மாட்டினியே, அதைத் தூக்கிக் குப்பையில போடு. இது எந்தக் கம்பெனி? காட்டு, காட்டு.”

அவள் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினாள். நனைந்த டேப்பின் முனையை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. காரின் அடியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து, போன வருஷத்து அதே கம்பெனியின் பெயரை விரலால் தடவிப் பார்த்தான்.

“மூணாவதா… இதையா மாட்டினே?”

“மூணாவதா நான் எதையும் மாட்டலை. ரெண்டாவதாவும் மாட்டலை. நீங்க உள்ளே இருந்தப்ப கன்னைச் சும்மா காத்துல சுத்த விட்டேன்.” புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்தாள். “போய் உட்காருங்க, மத்த ரெண்டையும் இனிமேதான் மாட்டணும்.”