ரிஸ்காவின் பரிசு

காட்டுவழி நடையின் மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஆறு இடுப்பளவு ஏறியிருந்தது.

"இவ்வளவு கனத்தோட கடக்க முடியாது, தங்கச்சி. எதையாச்சும் இறக்கணும்," என்றான் வழிகாட்டி ஜாலுங்.

ஜகார்த்தாவிலிருந்து காடு சுற்ற வந்த ரிஸ்கா, தூக்க முடியாத பை ஒன்றை மழைத்தாளில் சுற்றி அவனுடைய பிரம்புக்கூடையில் ஏற்றியிருந்தாள். அடியில் அவன் வீட்டுக்கு வாங்கிய உப்பும் சர்க்கரையும்.

"அந்தப் பையை மட்டும் விட்டுடாதீங்க அண்ணே. உங்க ஊருக்குப் பரிசு. சந்தையிலேயே உசத்தி சரக்கு."

விருந்தாளியின் பரிசை வழியில் போடுவது ஜாலுங்கின் ஊரில் ஆகாத காரியம். மழைக்காலம் முழுவதற்குமான உப்பையும் சர்க்கரையையும் பாறைமேல் இறக்கினான். அக்கரை ஏறித் திரும்பிப் பார்த்தபோது பாறை முழுகியிருந்தது.

அந்தியில் ஊர் சேர்ந்து, வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தான்.

"உப்பு எங்க?" என்றாள் மனைவி அசுங்.

பையைக் காட்டினான்.

"பிரிங்க அக்கா. அசல் மலை அரிசி," என்றாள் ரிஸ்கா பெருமையாக.

மழைத்தாளை விலக்கி, பையின் வாயைத் தைத்திருந்த சிவப்பு நூலை அசுங் தடவிப் பார்த்தாள்.

"பிரிச்சுப் பாக்க என்னம்மா இருக்கு? வித்துட்டு உப்பு வாங்கிட்டு வாங்கன்னு போன வாரம் இவருக்கு நான் தச்சுக் குடுத்த பைதானே இது."