உரிமையாளர்

ஜிஷாவின் கழுத்தில் ஷிபு வெட்டுகத்தியை வைத்திருந்தான்.

"ஏட்டி, களியக்காவிளை செக்போஸ்ட்ல நம்ம ரேஷன் அரிசி லாரியைக் காட்டிக் குடுத்தவன் யாரு?" என்றான் அவன் முதலாளி ராஜகுமார். "அந்தப் புகார் ஆப் நீ செஞ்சதுதானே?"

"அதுல பேரு காட்டாது அண்ணா."

"விட்டிரலாம் முதலாளி, இவளுக்கு ஒண்ணும் தெரியாது," என்றான் ஷிபு.

"நீ பேசாம கத்தியப் பிடிலே! ஏட்டி, பேரு வரல்லேன்னா தலை போவும்."

ஜிஷா ரிஃப்ளெக்‌ஷன் நிரலை ஓட்டினாள். மூடிவைத்த விவரங்களையும் அது திறந்து காட்டும். புகாருக்குள் அனுப்பியவர், அவருக்குள் போன், போனுக்குள் உரிமையாளர்.

"வந்துட்டு," என்றாள். கழுத்திலிருந்து கத்தி விலகியது.

ராஜகுமார் திரையை நோக்கிக் குனிந்தான். படிப்பதற்குள் வெட்டுகத்தி அவன் பிடரியில் இறங்கியது.

திரையில் தெறித்த ரத்தத்தை ஜிஷா துடைத்தாள்.

உரிமையாளர்: ஷிபு.