ஒரே பெட்டி

கடைமடையில் நீர்மட்டம் ஏறவே இல்லை.

கட்டுப்பாட்டு அறையில் குந்தவை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மட்டம் ஏறாததால் தலைமதகு ஷட்டர் தானாகவே இன்னும் கொஞ்சம் திறந்தது. கடைமடையில் தண்ணீர் குறைந்தால் தலைமதகை அதிகம் திறக்க வேண்டும். அவள்தான் அப்படி அமைத்திருந்தாள். சொன்ன பேச்சைக் கேட்கும் இயந்திரம், கேட்டுத் தொலைத்தது.

முதலில் வரைந்த பிளாக் டயகிராமில் பெட்டிகள் நிறைய இருந்தன. ஷட்டருக்கு ஒன்று, மேல் வாய்க்காலுக்கு ஒன்று, நடுமதகுக்கு ஒன்று, கீழ் வாய்க்காலுக்கு ஒன்று. நடுமதகின் நீர்மட்டம் ஷட்டருக்குத் திரும்பிவரும் ஒரு சின்ன வளையமும் இருந்தது. பெரிய இன்ஜினியர் ரவிசங்கருக்கு அதைப் பார்த்தாலே தலை சுற்றியது. சுருக்கச் சொன்னார்.

சுருக்குவது குந்தவைக்குக் கல்லூரி நாளிலிருந்தே கைவந்த வேலை. வரிசையாக நின்ற பெட்டிகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றாக்கினாள். வளையத்தை ஒரு பெட்டிக்குள் அடக்கினாள். கடைசியில் ஒரே பெட்டி மிஞ்சியது. இந்தப் பக்கம் தண்ணீர் போகும், அந்தப் பக்கம் வரும். கணக்கில் பிசகே இல்லை.

இப்போது திரையிலும் அந்த ஒரே பெட்டிதான். நடுமதகில் என்ன நடக்கிறது என்று அதில் தெரியாது.

ஷட்டர் இன்னும் கொஞ்சம் திறந்தது.

நடுமதகில் அடைப்பு இருந்தது. அப்பா துரைராசு வைத்ததுதான். வயலுக்குத் தண்ணீர் ஏற்ற, மதகின் வாயில் பலகையும் மண்மூட்டையும் போட்டிருந்தார். வாய்க்காலில் இறங்கிக் குனிந்துதான் அதை எடுக்க வேண்டும். இன்றைய சோதனைக்கு முன்னால் எடுத்துவிடும்படி அவள் நேற்றே போனில் சொல்லியிருந்தாள்.

அப்பாவிடம் சொன்னால் வேலை நடந்துவிடும். சின்ன வயதில் பை கிழிந்தாலும் சரி, பாயசத்துக்கு ஆசைப்பட்டாலும் சரி, அப்பாவிடம் சொல்வாள். மறுநாள் கைக்கு வந்துவிடும்.

இன்று நடக்கவில்லை. ஒன்று, மறந்துவிட்டார். இல்லையென்றால் இந்த நிமிடம் மதகின் வாயில் குனிந்துகொண்டிருக்கிறார். அப்பா காவிரியில் நீந்தி வளர்ந்தவர்தான். ஆனாலும் பின்னாலிருந்து இவ்வளவு தண்ணீர் வந்து மோதினால்?

“பொறும்மா, தண்ணி அவ்ளோ தூரம் போய்ச் சேர வேணாமா?” என்றார் ரவிசங்கர். சோதனையைப் பார்க்க வந்து பின்னால் நின்ற விருந்தாளிகள் தலையாட்டினார்கள்.

குந்தவை அப்பாவுக்கு போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். எடுத்தார். பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது. அப்பா தண்ணீரில் இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“திருக்கடையூர்ல இருக்கேம்மா, மாமாவுக்கு அறுபதாங் கல்யாணம்ல. அடைப்பா? உங்கம்மாட்ட சொல்லிட்டுத்தானே வந்தேன். நடவாளுங்களுக்குச் சோறு கொண்டுபோறப்ப எடுத்துடறேன்னு சொன்னா.”

சாப்பாட்டு வேளை. ரவிசங்கரின் உதவியாள் விருந்தாளிகளுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தான்.

பையைத் தைத்தது அம்மா. பாயசம் கிண்டியதும் அம்மா.

அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. போனும் கிடையாது. அப்பாவிடம் சொன்னால் போதுமே என்று யாரும் வாங்கித் தரவில்லை. குந்தவையும்தான்.

ரவிசங்கர் ஏதோ சொல்லச் சொல்ல, அவள் ஷட்டரை மூடினாள். ஏற்கெனவே விட்ட தண்ணீரைத் திரும்ப இழுக்க அங்கே எந்தப் பொத்தானும் இல்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கதவருகே போனபோது பின்னால் கைதட்டல் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள்.

கடைமடையில் நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அடைப்பு போய்விட்டது.

அம்மா எடுத்தாளா, தண்ணீர் எடுத்ததா என்று அந்தப் பெட்டியில் தெரியவில்லை.