சுழற்கோப்பை

“கோப்பையை அவங்களுக்கே குடுத்துடலாம், மாஸ்டர்.”

பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த விளையாட்டு மாஸ்டரின் கை நின்றது. எதிரே நின்றவள் கல்லூரிப் பெண்கள் வாலிபால் அணியின் கேப்டன். தோளில் தொங்கிய பெரிய பையை இறக்கிக் காலடியில் வைத்தாள். ணங்கென்று ஒரு சத்தம் வந்தது.

மாஸ்டர் அறைக்குள் போய் எதையும் கேட்காதே என்றுதான் அவளுடைய அப்பா முதல் வருடமே சொல்லி அனுப்பியிருந்தார். ஃபீஸ் வாங்காமல் படிக்க வைக்கிறார்கள்; கொடுப்பதை வாங்கிக்கொள், வாயைத் திறக்காதே. அவர் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டிக் கொடுப்பவர். வெட்டினால் வெட்டினதுதான் என்பதால் பெயரை இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் உளியை வைப்பார். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள். மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை.

“ஜெயிச்ச கோப்பைய யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?”

“நாம ஜெயிக்கல, மாஸ்டர். அவ விழுந்தா.”

அவள் என்றால் எதிரணியின் நெட்டைப் பெண். ஒட்டடைக்குச்சி என்று இந்தக் கல்லூரிப் பையன்கள் கோஷம் போட்டே கூப்பிடுவார்கள். அவள் எம்பி அடித்தால் அந்தப் பந்தை எடுக்க இந்த அணியில் ஆள் கிடையாது, கேப்டனையும் சேர்த்துத்தான். இறுதி ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால், உடை மாற்றும் அறையிலிருந்து இறங்கியவள் படியில் வழுக்கி விழுந்தாள். முட்டி திருகிக்கொண்டது. மழை ஈரம் என்றார்கள். மழை ஈரம் நுரைக்காது. தூக்கிவிட ஓடிய கேப்டனின் கையெல்லாம் பாத்திரம் கழுவுகிற சோப்பு. ஊற்றியது தாளாளரின் மகனும் அவன் கூட்டாளிகளும் என்று கேன்டீன் வரைக்கும் தெரியும்.

அப்போதே மாஸ்டரிடம் வந்து சொன்னாள். முதல்ல ஆடு, அப்புறம் பார்த்துக்கலாம் என்றார். ஆடினாள். அந்த அப்புறம் மட்டும் இன்னும் வரவில்லை.

இரண்டு கல்லூரிக்கும் இது வருடாவருடம் நடக்கிற கூத்துதானே என்று மாஸ்டர் ஆரம்பித்தார். போன வருடம் அவர்கள் வந்து இந்த கேட்டுக்குத் தங்கள் கலரில் பெயின்ட் அடிக்கவில்லையா? அதற்கு முந்தி நம் பையன்கள் அவர்கள் பஸ் டயரில் காற்றைப் பிடுங்கவில்லையா?

“எல்லாம் விளையாட்டும்மா. சின்னப் பசங்க.”

“பெயின்ட்ட சுரண்டினா பழைய கேட்டு வந்துடும். முட்டி வராது. ஆபரேஷன் முடிஞ்சாலும் இனிமே எம்புவாளான்னு டாக்டருக்கே தெரியல.”

மாஸ்டர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு அவளுடைய வேலையைப் பற்றிப் பேசினார். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு அநேகமாக உறுதியாகிவிட்ட அரசு வேலை. முதலிடச் சான்றிதழ் இருந்தால்தான் அந்த நாற்காலி. கோப்பை போனால் சான்றிதழும் போகும், நாற்காலியும் போகும்.

“உன் தங்கச்சியும் அடுத்த வருஷம் இங்கதானே சேரணும்?”

“மிரட்டறீங்களா, மாஸ்டர்?”

“என் பொண்ணு மாதிரி நெனச்சுச் சொல்றேன்.”

“உங்க பொண்ணு விழுந்திருந்தா மழை ஈரம்னு சொல்லியிருப்பீங்களா?”

மாஸ்டர் பந்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு, அந்தப் பேச்சு முடிந்துவிட்டது போல, மாலை பாராட்டு விழாவுக்குத் தாவினார். தாளாளர் மேடையில் கோப்பையைத் தூக்கிக் காட்டுவார், படம் எடுப்பார்கள், அவள் சிரித்த முகமாக நிற்க வேண்டும்.

“தகடு வேலை முடிஞ்சுதா?”

சுழற்கோப்பையின் மரப்பீடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் இருந்தன. வருடத்துக்கு ஒன்று, ஜெயித்த கல்லூரியின் பெயரோடு. ஏறிய பெயரை இதுவரை யாரும் இறக்கியதில்லை. கைக்குள்ளேயே ஆள் இருக்கும்போது வெளியே கொடுப்பானேன் என்று மாஸ்டர்தான் கோப்பையை அவளிடம் கொடுத்து அவள் அப்பாவிடம் அனுப்பியிருந்தார்.

“முடிஞ்சுது. பையிலதான் இருக்கு.”

மாஸ்டரின் முகம் தெளிந்தது. “பாத்தியா, உங்கப்பாவுக்கு உலகம் தெரிஞ்சிருக்கு. மறுபேச்சு பேசாம வெட்டிக் குடுத்துட்டாரு. அவர்கிட்ட கத்துக்கோ.”

“கத்துக்கிட்டேன், மாஸ்டர். கடைசியாக் கேக்கறேன். நடந்ததைச் சொல்லி, நீங்களே அவங்களுக்கு ஒரு ஃபோன் பண்றீங்களா?”

“மாட்டேன்.”

சரி என்று தலையசைத்தாள். பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“போ, போய்ப் பாத்துட்டு வா. நல்ல விஷயந்தான். விழா நேரத்துக்கு வந்துடு.”

அவள் சாத்தியிருந்த கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

பைக்குள் கோப்பை கனத்தது. நேற்று அப்பா தகட்டை மடியில் வைத்துக்கொண்டு வழக்கம்போல் இரண்டு தடவை பெயரைக் கேட்டார். இரண்டு தடவையும் அவள் ஒட்டடைக்குச்சியின் கல்லூரிப் பெயரைத்தான் சொன்னாள். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை, உளியை எடுத்தார்.