தொட்டியில் இடமில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டுக்காரர் பனியனோடு கண்ணாடித் தொட்டியின் முன் குந்தியிருந்தார்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்ததும் சீமைக்குக் கப்பலேறிய ஆபீஸ் துரை விட்டுப்போன தொட்டி அது. வாய்க்காலில் பிடித்த பன்னிரண்டு குட்டி இறாலை இவர் அதில் விட்டார். ஒவ்வொன்றும் நகத்தளவுகூட இருக்காது. எட்டு மாதத்தில் தொட்டி கொள்ளாமல் பெருகிவிட்டன.

அவற்றுக்கு நடக்கிற உபசாரத்தைப் பார்க்க வேண்டுமே! குழாய்த் தண்ணீர் ஆகாதாம், மழைத் தண்ணீர்தானாம். கீரையை வேகவைத்து, ஆறவைத்து, கிள்ளிக் கிள்ளிப் போடுவார். நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாய் கஞ்சி வைத்துக் கொடுத்த மனிதரில்லை.

இனி இடமில்லை என்று, பாதியைக் கொண்டுபோக ஆபீஸ் சிநேகிதர் சேதுபதியை வரச் சொல்லியிருந்தார். அவரும் புக்கிட் பாருவிலிருந்து காலி பிஸ்கட் டின்னோடு சைக்கிளில் வந்துவிட்டார்.

நான் காப்பியோடு பக்கத்தில் நின்றேன். இவரிடம் கேட்க வேண்டிய ஒரு வார்த்தை மூன்று நாளாகத் தொண்டையிலேயே நிற்கிறது.

இன்றைக்கு வீட்டுக்கு வரலாமா என்று மகள் விஜயா கேட்டனுப்பியிருந்தாள்.

எங்களுக்கு ஒரே பெண். காஜா பெராங்கில் எங்கள் பின் தெருவில் பிறந்து வளர்ந்த பிச்சையைக் கட்டிக்கொண்டு கிளேபாங்கில் குடியிருக்கிறாள். மாப்பிள்ளை மலாக்கா செட்டி. அவர்கள் கும்பிடுவதும் நம் மாரியம்மனைத்தான், பேச்சு மட்டும் மலாய். தமிழ் பேசத் தெரியாதவனுக்கு என் வீட்டில் இடமில்லை என்றார் இவர். இப்போது ஆபீஸில் தேவைப்படும் என்று சாயங்கால வகுப்புக்குப் போய் மலாய் படிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜனவரியில் விஜயா ஒருமுறை வந்தாள். உட்காரக்கூட விடாமல், வந்த ரிக்‌ஷாவிலேயே திருப்பியனுப்பிவிட்டார்.

டின் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. தொட்டியின் மூலையில் ஒரு பெரிய இறால், வயிற்றுக்கடியில் கொத்தாக முட்டையோடு ஒதுங்கியிருந்தது. அதையும் போடச் சொல்லிச் சேதுபதி விரலை நீட்டினார்.

இவர் பதறிப்போய்ச் சின்ன வலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“அத மட்டும் கேக்காதீங்க தம்பி. முட்டையோட இருக்கறத இடம் மாத்தினா, அப்படியே உதறிடும். பாவம் லா.”

பாவமாம்.

காப்பியை மேசையில் வைத்தேன். இவர் கையிலிருந்த வலையைப் பிடுங்கி, மூலையில் இருந்த அந்த இறாலை அள்ளி டின்னில் போட்டேன்.

“தாப்பா தம்பி, ஒன்னும் ஆவாது. கொண்டு போங்க.”

சேதுபதி திருதிருவென்று விழித்தார். இவர் விழிக்கவில்லை. முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி மாதத்து உச்சி வெயிலில், ரிக்‌ஷாக்காரச் சீனர் விஜயாவின் வயிற்றைப் பார்த்துத் தயங்கியபோது, பரவாயில்லை என்று இவர் கையை வீசி மலாயில் சொன்னதும் அதே தாப்பாதான்.

அவளுக்கு அப்போது ஐந்து மாதம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

விஜயா வரலாமா என்று நான் இவரிடம் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய் நாலு பேருக்கு அரிசி களைந்தேன்.